ஊரடங்கில் லிஸ்பன் வரைந்த கதை

2020-இல் மாவட்டம் தாண்டவே இ-பாஸ் கேட்ட காலம். ஊர் ஊராகப் போய்த் தெருக்களை வரைந்தே பழகிய எனக்கு வீட்டுக்குள் தூரிகை ஓடவில்லை. பூந்தொட்டியும் காபி டம்ளரும் வரைந்து சலித்துவிட்டது.

அப்புறம்தான் கூகுள் ஸ்ட்ரீட் வியூவைத் திறந்தேன். கேமரா பொருத்திய கார் தெருத் தெருவாகப் போய் எடுத்த படங்களை, நாமே நடந்து பார்ப்பதுபோல் காட்டும் வசதி அது. நம் ஊர்த் தெருக்கள் அப்போது அதில் கிடைக்காது. சென்னை உட்பட 10 நகரங்கள் வந்தது 2022-இல்தான். சரி, போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனுக்கே போவோம் என்று அல்ஃபாமா பகுதியில் இறங்கினேன். டிராம் தண்டவாளம் வளைந்து ஏறும் மேட்டுத் தெரு, சன்னலுக்கு வெளியே கொடியில் காயும் துணி. வரைய அள்ள அள்ளக் குறையாது.

ஆனாலும் படத்தில் உயிர் இல்லை. காரின் தலைமேல் இருக்கும் கேமரா ஆள் உயரத்துக்கு மேலிருந்து, அகலமாகப் பார்க்கிறது. ஓரத்துக் கட்டடங்கள் சாய்கின்றன. நான் பார்த்த தெருக்களில் வெளிச்சமும் உச்சிவெயில்தான்.

எனவே ஜூம் செய்து பார்வையைக் குறுக்கினேன். பென்சில் கோடு முடிந்ததும் திரையை அணைத்துவிடுவேன், நிறம் நினைவிலிருந்துதான். நிழலுக்கு மட்டும் மொட்டைமாடி. மாலை வெயிலில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் வெள்ளைச் சுவரில் விழும். சாம்பல் இல்லை அது, அல்ட்ராமரின் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. அதையே லிஸ்பன் சுவரில் பூசினேன்.

"போர்ச்சுகல்ல மதுரை வெயில் அடிக்குதே" என்று தம்பி கிண்டல் செய்தான். அடிக்கட்டுமே.