குழுவோடு ஜப்பான் நகரங்களுக்குச் செல்வது எப்படி: பாலக்காட்டின் கிழக்கு ஊர்க்காரர்களுக்கு ஒரு கையேடு

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் என எல்லையோர ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வெளிநாட்டுச் சுற்றுலா என்றால் கோவை, கொச்சி என்று இரண்டு வாசல்கள் உண்டு. இரண்டிலிருந்தும் ஜப்பானுக்கு நேரடி விமானம் இல்லை. சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் போன்ற ஊர்களில் இறங்கி மாறித்தான் செல்ல வேண்டும். ஆகவே வீட்டிலிருந்து விமான நிலையம் எவ்வளவு தூரம் என்பதை வைத்துச் சுற்றுலா நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. கொச்சியில் திரளும் குழுவில் டூர் மேனேஜர் பெரும்பாலும் மலையாளம் பேசுவார். கோவையிலும் சென்னையிலும் திரளும் குழுவில் தமிழ் பேசுவார். மும்பையில் போய்ச் சேரும் குழுவாக இருந்தால் ஹிந்தியே எங்கும் ஒலிக்கும். நமக்கு முதல் இரண்டும் பழகிய மொழிகளே என்றாலும், வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், மேனேஜர் சொல்லும் நேரமும் இடமும் அவர்களுக்கே நேராகப் புரிகிற குழுவில் சேர்வதுதான் நல்லது. இல்லையேல் பயணம் முழுவதும் மொழிபெயர்த்துக் கொண்டே நடக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, நிறுவனம் தரும் பயண நிரலைப் படிக்கும்போது அதில் எத்தனை நகரங்கள் அச்சிடப்பட்டுள்ளன என்று பார்க்காமல், ஒவ்வோர் ஊரிலும் எத்தனை இரவு தங்குகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான குழுக்கள் டோக்கியோ, ஹகோனே அல்லது ஃபூஜி மலையடிவாரம், கியோட்டோ, நாரா, ஒசாகா என்ற பாதையில்தான் செல்கின்றன. சில குழுக்கள் ஹிரோஷிமாவையும் சேர்த்துக் கொள்கின்றன. டோக்கியோவில் மூன்று இரவும் ஒசாகாவில் மூன்று இரவும் தங்கி, மற்ற ஊர்களை அங்கிருந்தே பார்த்துத் திரும்பும் திட்டம், நாள்தோறும் விடுதி மாறும் திட்டத்தைவிடப் பல மடங்கு மேலானது. கியோட்டோவும் ஒசாகாவும் விரைவு ரயிலில் அரை மணி நேரத் தொலைவில்தான் உள்ளன. இரண்டுக்கும் தனித்தனி விடுதி என்று நிரலில் இருந்தால், பெட்டி கட்டுவதில் ஒரு காலைப்பொழுது வீணாகும் என்று பொருள். ஹிரோஷிமாவுக்கும் ஒசாகாவிலிருந்து புல்லட் ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் சென்று, அமைதி நினைவு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம்.

புல்லட் ரயிலைப் பற்றி ஒரு கேள்வியைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்: எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை? 1964 அக்டோபர் 1 அன்று தொடங்கப்பட்ட டோக்கியோ – ஒசாகா வழித்தடம் சுமார் 515 கிலோமீட்டர் நீளமுடையது. மிக வேகமான ‘நொசோமி’ வண்டி அதை ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. அதே தூரம் பேருந்தில் ஏறக்குறைய ஒரு முழுப் பகலை விழுங்கிவிடும். விலை குறைந்த திட்டங்கள் சிலவற்றில் இடையில் ஏதோ இரண்டு நிலையங்களுக்கு நடுவே மட்டும் ரயிலில் ஏற்றி இறக்கிவிட்டு, மீதித் தொலைவைப் பேருந்திலேயே ஓட்டுகிறார்கள். விளம்பரத்தில் மட்டும் புல்லட் ரயில் பெரிய எழுத்தில் இருக்கும். முழுத் தூரமும் ரயில்தான் என்றால், டோக்கியோவிலிருந்து செல்லும்போது வலப்பக்க ஜன்னல் இருக்கையைக் கேட்டுப் பெறுங்கள். புறப்பட்டு முக்கால் மணி நேரம் ஆகும் தறுவாயில் 3,776 மீட்டர் உயரமுள்ள ஃபூஜி அந்தப் பக்கம்தான் தெரியும், மேகம் மனம் வைத்தால். கோடையில் அது பெரும்பாலும் மனம் வைப்பதில்லை.

பருவத்தைப் பொறுத்தவரை நம் பள்ளி விடுமுறை ஜப்பானுக்குப் பொருந்தி வருவதில்லை. டோக்கியோவிலும் கியோட்டோவிலும் செர்ரி மலர்வது மார்ச் இறுதியும் ஏப்ரல் தொடக்கமும்; தேர்வு முடிந்து புறப்படுபவர்களுக்கு உதிர்ந்த பூ மட்டுமே கிடைக்கக்கூடும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அந்நாட்டில் தொடர் விடுமுறைகள் வருவதால் ரயிலும் விடுதியும் நிரம்பி வழியும். ஓண விடுமுறையில் செல்லலாம் என்று நினைப்பவர்கள், ஆகஸ்டும் செப்டம்பரும் அங்கே புழுக்கமும் சூறாவளியும் கூடிய மாதங்கள் என்பதை அறிய வேண்டும். என்னைக் கேட்டால் தீபாவளி முடிந்த கையோடு நவம்பரில் செல்வதையே சொல்வேன். அம்மாதத்தின் பிற்பாதியில் கியோட்டோவின் மேப்பிள் இலைகள் சிவந்திருக்கும், நடப்பதற்கும் குளிர் இதமாக இருக்கும்.

ஆவண வேலைகளை நிறுவனமே பார்த்துக் கொள்ளும் என்றாலும், தந்தை பெயரின் முதலெழுத்து பாஸ்போர்ட்டில் எப்படி விரிந்திருக்கிறதோ அப்படியே விசாவிலும் விமானச் சீட்டிலும் உள்ளதா என்று நீங்களே ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். மின்விசா பெறுபவர்கள் அதை விமான நிலையத்தில் இணைய இணைப்புள்ள கைபேசியில் திறந்து காட்ட வேண்டும். அச்சுப்படியும் திரைப்பிடிப்பும் ஏற்கப்படா. கட்டணத்தோடு நிறுவனம் முன்கூட்டியே பிடிக்கும் வரியான டி.சி.எஸ். தொகைக்கு ரசீது வாங்கிக் கொண்டால் வருமான வரிக் கணக்கில் ஈடு செய்து கொள்ளலாம். ஜப்பானில் இருக்கும் நாள் முழுவதும் பாஸ்போர்ட்டை உடலோடு வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். விடுதிப் பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது.

இனி உணவு. குழுச் சுற்றுலாவில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இதனால்தான். ‘சைவம் உண்டு’ என்று நிறுவனம் சொல்வது இரவு உணவை இந்திய உணவகத்தில் ஏற்பாடு செய்வதைத்தான் குறிக்கும்; அங்கு நான் ரொட்டியும் பன்னீரும் கிடைக்குமே தவிர சாம்பார் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மதிய உணவு ஜப்பானிய உணவகத்தில் அமையும்போதுதான் சிக்கல். அவர்களுடைய மிசோ சூப், உதோன் நூடுல்ஸ், பொரித்த காய்க்குத் தரும் குழம்பு என எல்லாவற்றுக்கும் அடிப்படையான ‘தாஷி’ பெரும்பாலும் உலர்த்திய மீன் சீவலிலிருந்து எடுக்கப்படுகிறது. தட்டில் மீன் துண்டு இல்லாததைக் கண்டு சைவம் என்று நினைத்துவிடக் கூடாது. ‘நிகு மோ சகானா மோ தபேமசென்’, அதாவது இறைச்சியும் மீனும் உண்பதில்லை என்ற வாக்கியத்தோடு, மீன் தாஷியும் வேண்டாம் என்பதை ஜப்பானிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதித் தரும்படி உள்ளூர் வழிகாட்டியிடம் முதல் நாளே கேளுங்கள். கியோட்டோவில் பௌத்த மடங்களின் மரபில் வந்த ‘ஷோஜின்’ உணவு கிடைக்கும். விலை கூடுதல்தான், ஆனாலும் டோஃபுவையும் காய்களையும் அவ்வளவு நேர்த்தியாகச் சமைத்து உண்ணக் கிடைப்பது அரிது.

அன்றாடத்துக்கு நம்மைக் காப்பது தெருவுக்குத் தெரு இருக்கும் செவன் இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் கடைகளே. அங்கே வேறெதுவும் சேர்க்காமல் வேகவைத்த வெறும் சோறு டப்பாவில் கிடைக்கும். கடையிலேயே மைக்ரோவேவில் சூடாக்கித் தருவார்கள். இனிப்பில்லாத தயிரும் கிடைக்கும். வீட்டிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், வறுத்த மோர் மிளகாய் ஆகியவற்றைக் கொண்டு சென்றால் எந்த ஊரிலும் தயிர்ச் சோறு தயார். ஆனால் நம் பக்கத்தில் பலரும் ஆசையாகக் கட்டித் தரும் பீஃப் ஊறுகாய், கோழி ஊறுகாய், உப்புக்கண்டம் ஆகியவற்றை ஒருபோதும் பெட்டியில் வைக்காதீர்கள். இறைச்சிப் பொருள்களை ஆய்வுச் சான்றிதழ் இல்லாமல் கொண்டு வருவது ஜப்பானில் அபராதத்துக்கும் சிறைத்தண்டனைக்கும் உரிய குற்றம். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் போன்ற இலைகளும் கனிகளும் அப்படியே. உமி நீக்காத நெல்லுக்கும் தடை உண்டு. மருந்துகளில் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ளவை அங்கே தடை செய்யப்பட்டவை என்பதால், சளிக்கு இங்கே வாங்கும் மாத்திரைகளின் உறையை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிட்டு எடுத்துச் செல்லுங்கள். மற்ற பெரும்பாலான மருந்துகளை ஒரு மாத அளவுக்குள், மருத்துவர் சீட்டோடு கொண்டு செல்லலாம்.

வீட்டு ரைஸ் குக்கரையும் தண்ணீர் கொதிக்கவைக்கும் காயிலையும் கொண்டு செல்லலாம் என்ற யோசனை எல்லாக் குழுவிலும் யாராவது ஒருவருக்கு வரும். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம்முடைய 230 வோல்ட் கருவி அங்கே ஐந்தில் ஒரு பங்கு வெப்பம்கூடத் தராது. அறையில் பெரும்பாலும் கெட்டில் இருக்கும், அதுவே போதும். கைபேசி சார்ஜருக்கு மட்டும் இரண்டு தட்டைக் கால்கள் உள்ள அடாப்டர் வேண்டும்.

பெட்டி சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. விடுதி அறைகள் மிகச் சிறியவை. இரண்டு பெரிய பெட்டிகளைத் திறந்து வைத்தால் நடக்க இடமிராது. புல்லட் ரயிலிலோ நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் வரும் பெட்டிக்குத் தனி இருக்கை முன்பதிவு தேவை. வண்டியும் இடைநிலையங்களில் ஓரிரு நிமிடங்களே நிற்கும். பாலக்காடு சந்திப்பில் வண்டி நின்ற பிறகு நாம் ஏற வேண்டிய ரயில் பெட்டி எங்கே என்று தேடி ஓடும் பழக்கம் அங்கே உதவாது; நடைமேடையில் குறிக்கப்பட்ட கோட்டில் முன்கூட்டியே வரிசையாக நின்று, இறங்குபவர்கள் இறங்கியதும் நிற்காமல் உள்ளே செல்ல வேண்டும். நல்ல குழுக்களில் பெரிய பெட்டிகளை ‘தக்யூபின்’ எனும் வீடு சேர்க்கும் சேவையில் அடுத்த விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். பெட்டி பெரும்பாலும் மறுநாள்தான் வந்து சேரும் என்பதால், ஓர் இரவுக்கான உடையும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும்.

நேரம் தவறாமையைப் பற்றி மேனேஜர் தினமும் சொல்வார். அதன் காரணம் தெரிந்தால் எரிச்சல் வராது. சுற்றுலாப் பேருந்தின் ஓட்டுநருக்குச் சட்டப்படி வேலை நேர வரம்பு உண்டு. காலையில் நாம் தாமதிக்கும் அரை மணி நேரம் மாலையில் ஓர் இடத்தைப் பார்க்காமலே விடுதிக்குத் திரும்பச் செய்துவிடும். கழிப்பறைக்குச் செல்வது, தண்ணீர் நிரப்புவது, படம் எடுப்பது ஆகிய மூன்றையும் கூடும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே முடித்துக் கொள்ளுங்கள். நடை மிகுதி, ஒரு நாளில் ஏழெட்டுக் கிலோமீட்டர் எளிதாக ஆகிவிடும். கோயில்களில் அடிக்கடி காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் கயிறில்லாத, ஆனால் நன்கு பழகிய காலணியே ஏற்றது. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே காலையில் வாய்க்கால் வரப்பிலாவது நடந்து பழகுங்கள்.

வழிகாட்டியிடம் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். நிரலில் இல்லாத நல்ல இடங்கள் அவர்கள் மூலமாகத்தான் தெரியவரும். டோக்கியோவின் அசாகுசாவில் சென்சோஜி கோயிலுக்கு எல்லாக் குழுவும் செல்லும். அதற்கு அருகிலேயே மாட்சுசியாமா ஷோதென் என்ற கோயிலில், நம் பிள்ளையாரின் ஜப்பானிய வடிவமான காங்கிதெனை முள்ளங்கி படைத்து வணங்குகிறார்கள். இலவச நேரம் கிடைத்தால் சென்று வரலாம். நாராவின் தோதாய்ஜி கோயிலில் உள்ள பெரும் புத்தருக்கு 752இல் கண் திறப்புச் சடங்கை நடத்தியவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்ற துறவி. கோயிலைச் சுற்றித் திரியும் மான்களுக்குப் பிஸ்கட் கொடுப்பதிலேயே நேரம் போய், அந்த மண்டபத்தில் கால் மணி நேரம்கூட நிற்காமல் திரும்பும் குழுக்களைப் பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கும். கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளில் நுழைய 2024 முதல் தடை உள்ளது. கெய்ஷா எனும் மரபுக் கலைப் பெண்களைத் துரத்திப் படம் எடுப்பது எந்தச் சந்திலும் தகாது.

வெந்நீர் ஊற்றுக் குளியல் உள்ள விடுதியில் தங்கினால், உடலை முதலில் உட்கார்ந்து நன்கு கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். துணி எதுவும் உடுத்தக் கூடாது. பச்சை குத்தியவர்களைப் பல குளியல் இடங்களில் அனுமதிப்பதில்லை என்பதால், கையில் பெயரையோ வேல் சின்னத்தையோ குத்திக் கொண்டவர்கள் முன்பே விசாரித்துக் கொள்ளட்டும். அறையில் தரும் யுகாத்தா எனும் பருத்தி அங்கியை இடப்பக்கம் மேலே வரும்படி உடுத்த வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.

மாலையில் தனியாக வெளியே செல்பவர்கள் ரயில் அட்டையில் கொஞ்சம் யென் ஏற்றி வைத்திருந்தால் ரயில், பேருந்து, கடை மூன்றிலும் பயன்படும். ரயிலில் கைபேசியில் பேசக் கூடாது. எஸ்கலேட்டரில் டோக்கியோவில் இடப்பக்கமும் ஒசாகாவில் வலப்பக்கமும் நிற்பது வழக்கம். தெருவில் குப்பைத் தொட்டி அரிது, ஆகவே ஒரு பையை உடன் வைத்திருங்கள். எங்கும் டிப்ஸ் தர வேண்டியதில்லை. விடுதியின் பெயர் ஜப்பானிய எழுத்தில் உள்ள அட்டை ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கட்டும். ஷின்ஜுகு போன்ற நிலையத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வாயில்கள் இருப்பதால், சந்திக்கும் இடத்தை நிலையத்தின் பெயரால் சொல்லாமல் வாயிலின் பெயரால் சொல்லிக் கொள்ளுங்கள். ரயிலில் ஒருவர் ஏறி மற்றவர்கள் ஏற முடியாமல் போனால், ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே நடைமேடையில் நிற்பது, மற்றவர்கள் அடுத்த வண்டியில் அங்கு வந்து சேர்வது என்று முதல் நாளே குடும்பத்துக்குள் பேசி வைத்துக் கொள்ளுங்கள். அதையும் மீறி வழி தவறினால், ‘கோபான்’ எனும் சிறு காவல் நிலையம் முக்கிய நிலையங்களின் அருகிலெல்லாம் இருக்கும். விடுதி அட்டையை அங்கே காட்டினால் போதும். காவலருக்கு 110, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119 என்ற எண்களைப் பெரியவர்களின் கைபேசியில் இங்கிருந்தே பதிந்து கொடுத்துவிடுங்கள்.