நாளை மழை வருமா? நம்பிக்கைக்கு ஓர் எண் கொடுக்கும் முறை

பகடையில் 6 விழ நிகழ்தகவு 1/6. முகங்கள் சமம் என்பதால் எண்ணியே சொல்லிவிடலாம். ஆனால் நாளை என்பது ஒரே ஒரு முறைதான் வரும். எண்ணிப் பார்க்க எதுவும் இல்லை. அங்கே நிகழ்தகவு என்பது, தெரிந்த தகவலை வைத்து ஒருவர் எவ்வளவு உறுதியாக நம்புகிறார் என்பதன் அளவு. இதுதான் தனிநபர் நிகழ்தகவு. எண் ஆளுக்கு ஆள் மாறலாம். ஒருவரே சொல்லும் எண்கள் தங்களுக்குள் முரண்படக் கூடாது, அவ்வளவுதான்.

படி 1: நிகழ்ச்சியைத் தெளிவாக வரையுங்கள். நாலு தூறல் மழையா? இந்திய வானிலைத் துறை ஒரு நாளில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் மழை நாள் என்று கணக்கிடும். அதையே எடுத்துக்கொள்வோம்.

படி 2: எண்ணைக் கண்டுபிடியுங்கள். 100 பந்துகள் உள்ள பையை நினையுங்கள். நாளை மழை பெய்தால் 1,000 ரூபாய், அல்லது கண்ணை மூடி எடுக்கும் பந்து சிவப்பாக இருந்தால் 1,000 ரூபாய். எது வேண்டும்? 30 பந்து சிவப்பு என்றால் மழையைத் தேர்வீர்களா? சிவப்பை 50 ஆக்குங்கள், பிறகு 80. பையின் பக்கம் சாய்ந்துவிட்டால் 70, 60 என்று இறங்குங்கள். எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும் இடம் 60 என்றால் உங்கள் நிகழ்தகவு 0.6. பரிசுத் தொகை இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம்பிக்கைக்குப் பதில் பண ஆசையை அளந்துவிடுவீர்கள்.

படி 3: எதிர்ப்பக்கத்தைச் சரிபாருங்கள். மழை 0.6 என்றால், மழை இல்லாதது 0.4. இதை 0.5 என்று சொல்பவர், மழை பெய்தால் 100 ரூபாய் தரும் சீட்டை 60-க்கும், பெய்யாவிட்டால் 100 தரும் சீட்டை 50-க்கும் வாங்கச் சம்மதிப்பார். கொடுத்தது 110, எது நடந்தாலும் கிடைப்பது 100. பத்து ரூபாய் நஷ்டம் உறுதி. கணிதவியலாளர்கள் ஃபிராங்க் ராம்சே 1926-லும், பின்னர் புரூனோ டி ஃபினெட்டியும் நிகழ்தகவு விதிகளை நியாயப்படுத்தியது இந்த வாதத்தால்தான்.

படி 4: இரண்டு நிகழ்ச்சிகளைச் சேருங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். மழை பெய்தால் கரண்ட் போக 0.5, பெய்யாவிட்டால் 0.1 என்று வைப்போம்.

மழையும் பெய்து கரண்டும் போக: 0.6 × 0.5 = 0.30.
மழையில்லாமல் கரண்ட் போக: 0.4 × 0.1 = 0.04.
ஆக, கரண்ட் போக மொத்தம் 0.34.

இரண்டும் நடக்க 0.6 × 0.34 = 0.204 என்று பெருக்குவது தவறு. ஒன்று நடப்பது மற்றதன் வாய்ப்பை மாற்றாதபோது, அதாவது சார்பற்ற நிகழ்ச்சிகளுக்கு, மட்டுமே அப்படிப் பெருக்கலாம். மற்ற இடங்களில் இரண்டாவது எண் நிபந்தனை நிகழ்தகவாக, அதாவது முதலாவது நடந்துவிட்டால் இரண்டாவது நடக்கும் வாய்ப்பாக (இங்கே 0.5), இருக்க வேண்டும்.

இரண்டில் ஒன்றாவது நடக்க: 0.6 + 0.34 − 0.30 = 0.64. கழிக்காவிட்டால் இரண்டும் நடக்கும் வாய்ப்பை இருமுறை எண்ணியிருப்பீர்கள். எதுவுமே நடக்காதது 0.4 × 0.9 = 0.36, 1-லிருந்து கழித்தால் அதே 0.64.

கரண்ட் போனால் மழை பெய்திருக்க 0.30 ÷ 0.34, ஏறக்குறைய 0.88. மழை பெய்தால் கரண்ட் போவதற்கான 0.5-உடன் இதைக் குழப்பாதீர்கள்.

படி 5: எழுதி வைத்து மதிப்பிடுங்கள். வானிலையாளர் கிளென் பிரையர் 1950-ல் தந்த வழி எளிது. நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. சொன்ன எண்ணுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். 0.6 சொல்லி மழை பெய்தால் 0.16, பெய்யாவிட்டால் 0.36. பல நாள் சராசரி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. தினமும் 0.5 என்று சொல்பவருக்கே 0.25 கிடைக்கும், உங்கள் சராசரி அதைத் தாண்டினால், பெரும்பாலும் 0.9, 0.95 என்று அளவுக்கு மீறி உறுதியாகச் சொன்ன நாட்களில்தான் கோளாறு இருக்கும். முதலில் அவற்றைப் பாருங்கள்.