இங்கிலாந்து மன்னர்களின் ஆசைநாயகிகள்: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பிரிட்டிஷ் மன்னர்களின் ஆசைநாயகிகளைப் பற்றி எழுதுபவர்களும் காணொளி போடுபவர்களும் முதலில் செய்யும் தவறு, அவர்களை அந்தப்புரத்துப் பட்டு மெத்தையில் உட்கார வைப்பதுதான். அங்கே அந்தப்புரமே கிடையாது. பல நேரங்களில் அந்தப் பெண் அரசியிடமே சம்பளத்துக்கு வேலை பார்த்தார்.

இரண்டாம் ஜார்ஜின் ஆசைநாயகி ஹென்ரியெட்டா ஹோவர்டையே பாருங்கள். கரோலின் அரசியின் படுக்கையறைப் பணிப்பெண் அவர். அரசி கை கழுவும்போது பாத்திரத்தை முன்னே வைத்து மண்டியிட வேண்டுமா என்பதில் இருவருக்கும் உரசல் வந்தது. முன்பு ஆன் அரசியிடம் அதே வேலையில் இருந்த அபிகேல் மாஷமிடம், டாக்டர் ஆர்பத்நாட் மூலம் அரண்மனை வழக்கத்தைக் கேட்டுப் பார்த்தார் ஹென்ரியெட்டா. பதில் அவருக்குச் சாதகமாக இல்லை: மண்டியிட வேண்டும், கையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், தேவைப்பட்டால் கையுறையும் மாட்டிவிட வேண்டும். மாலையில் மன்னர் கடியாரமும் கையுமாக நேரம் பார்த்து வந்து பேசிவிட்டுப் போவார். காதல் என்பதைவிடக் கால அட்டவணை என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆசைநாயகி சொன்னால் அரசு ஆடும் என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடாதீர்கள். ஹென்ரியெட்டாவிடம் சிபாரிசுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். உண்மையான செல்வாக்கு கரோலினிடம் இருந்தது. அதைச் சரியாகக் கணித்தவர் அன்றைய பிரதமர் வால்போல். இரண்டாம் சார்லஸின் ஆசைநாயகி லூயிஸ் டி கெருவாய் கதை வேறு. பிரெஞ்சுத் தூதர் அரசியல் பேச அவருடைய அறைகளுக்கே போவார். ஆளுக்கு ஆள், மன்னருக்கு மன்னர் நிலைமை மாறும்.

பலரும் தாண்டிப் போகிற விஷயம் கணவன். அன்றைய சட்டப்படி திருமணமான பெண்ணின் சொத்து கணவனுக்கே சேரும். ஹென்ரியெட்டாவின் கணவர் சார்ல்ஸ் ஹோவர்ட் குடிகாரர், அடிப்பவர். அதனால்தான் 1723-ல் ஜார்ஜ் கொடுத்த 11,500 பவுண்டு மதிப்புள்ள பங்குகள் கணவர் தொட முடியாதபடி அறங்காவலர்கள் பெயரில் எழுதப்பட்டன. ட்விக்கன்ஹாமில் தேம்ஸ் கரையோரம் இன்றும் நிற்கும் மார்பிள் ஹில் மாளிகை அப்படி எழும்பியதுதான். அரண்மனையை விட்டுப் போகவும் ஓர் இடம் வேண்டுமே! 1734-ல் விலகினார், அடுத்த ஆண்டே ஜார்ஜ் பெர்க்லியை மணந்துகொண்டார்.

பட்டம் எல்லோருக்கும் கிடைத்தது என்பதும் பிழை. இரண்டாம் சார்லஸின் ஆசைநாயகிகளில் பார்பரா வில்லியர்ஸ் 1670-ல் கிளீவ்லாந்து சீமாட்டியானார். பரிசாகப் பெற்ற நான்சச் அரண்மனையைக் கடனுக்காக இடித்து விற்றதும் அவரே. ஆரஞ்சு விற்று, நாடக நடிகையாகி வந்த நெல் க்வின் கடைசிவரை வெறும் நெல் க்வின்தான். மகன் மட்டும் 1684-ல் செயின்ட் ஆல்பன்ஸ் கோமகன் ஆனான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பட்டம் உண்டு, அரியணை கிடையாது. உரிமை கேட்டுக் கிளம்பிய சார்லஸின் இன்னொரு மகன் மன்மத் கோமகனின் தலை 1685-ல் போயிற்று.

படம் போடும்போதும் கவனம் தேவை. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் பீட்டர் லெலி வரைந்த, அரைத்தூக்கக் கண்களோடு இருக்கும் அழகிகளின் வரிசை உண்டு. இணையத்தில் அவர்கள் அத்தனை பேரையும் சார்லஸின் ஆசைநாயகிகளாக்கிவிடுகிறார்கள். வரைய ஏற்பாடு செய்தவர் மன்னரின் தம்பி மனைவி ஆன் ஹைட். அதில் பார்பராவும் உண்டு, மன்னர் எவ்வளவோ துரத்தியும் மசியாத பிரான்சிஸ் ஸ்டூவர்ட்டும் உண்டு.