எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்கும் தட்டை லென்ஸ்: எனக்குச் சறுக்கிய இடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு போட்டோஸ்டாட் கடையில், ஓஎச்பி எனும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் ஒரு வளையத் தட்டு அச்சடித்தேன். கறுப்பு வளையங்களால் ஒளியைக் குவிக்கும் தட்டை லென்ஸ் அது. 5 மில்லிமீட்டர் ஆரம், 1 மீட்டர் குவியத் தூரம், 1200 டிபிஐ பிரிண்டர். இரவு அஞ்சடி (கடை முன் நடைபாதை) விளக்கை அணைத்துவிட்டு, கோடியில் தம்பி கைப்பேசி டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிப் பிடித்தான். வெள்ளைத் தாளில் ஒரு புள்ளி விழுந்தது. நீலத்தாளுக்கு மாற்றியதும் புள்ளி கரைந்துவிட்டது. அதைத் திரும்பப் பிடிக்க ஒரு முழம் பின்னால் போக வேண்டியிருந்தது.

தட்டை லென்ஸின் நோய் இதுதான்: அலைநீளம் கூடினால் குவியத் தூரம் அதே விகிதத்தில் குறையும். இதைக் கணினியில் சரிசெய்த வழியை எழுதுகிறேன். பைத்தான் நிரல்மொழியும் அதில் எண் அணிகளைக் கையாளும் நம்பை (NumPy) தொகுப்பும் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. அளவுகள். ஆரம் 1 மில்லிமீட்டர், குவியத் தூரம் 50 மில்லிமீட்டர், பொருள் அக்ரிலிக் (ஒளிவிலகல் எண் சுமார் 1.49). லென்ஸை 3 மைக்ரான் அகல வளையங்களாக வெட்டினால் 333 வளையம் வரும். ஒவ்வொன்றின் உயரமும் 0 முதல் 5 மைக்ரான் வரை, 0.1 மைக்ரான் படிகளில் மாறலாம். 550 நானோமீட்டர் பச்சைக்கு மட்டும் வடிவமைத்தால் 450 நீலம் 61 மில்லிமீட்டரிலும் 650 சிவப்பு 42 மில்லிமீட்டரிலும் போய் நிற்கும். குவிய ஆழமோ, அதாவது புள்ளி கூர்மையாகத் தெரியும் தூரமோ, 1.4 மில்லிமீட்டர்தான்.

2. உயரத்தைச் சேமியுங்கள், கட்டத்தை (phase, அதாவது ஒளி அலை எவ்வளவு பின்தங்குகிறது என்பதை) அல்ல. இரண்டு வாரம் நான் முழித்த இடம் இது. பச்சைக்குக் கட்டத்தைக் கணக்கிட்டு, அதே அணியை மூன்று நிறத்துக்கும் ஓட்டினேன். எதை மாற்றினாலும் நீலமும் சிவப்பும் விலகியே நின்றன. பிழை நிரலில் இல்லை, என் தலையில். லென்ஸில் செதுக்கி நிற்பது உயரம் மட்டுமே. கட்டம் ஒவ்வொரு நிறத்துக்கும் வேறு: உயரத்தை (ஒளிவிலகல் எண் − 1) ஆல் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால், அந்த நிறம் எத்தனை அலை பின்தங்குகிறது என்று வரும். பச்சைக்கு 1.1 மைக்ரான் ஒரு முழு அலை, அதாவது பூச்சியத்துக்குச் சமம். அதே 1.1 மைக்ரான் நீலத்துக்குச் சுமார் ஒன்றேகால் அலை. இந்தக் கால் அலை வித்தியாசத்தை வைத்துத்தான் நிறங்களைத் தனித்தனியே திருப்ப முடியும். கட்டத்தையே சேமித்தால் அதை நீங்களே அழித்துவிடுகிறீர்கள்.

3. தொடக்க வடிவம். தற்செயல் எண்களில் தொடங்காதீர்கள். லென்ஸின் உயரம் ஒரு அலையை எட்டும்போதெல்லாம் அதைப் பூச்சியத்துக்கு இறக்குவதுதான் மடிப்பது. அப்படி ஒரு அலைக்கு ஒருமுறை மடிப்பதற்குப் பதில், நான்கு அலைக்கு ஒருமுறை, அதாவது சுமார் 4.4 மைக்ரானில் மடியுங்கள். 550இல் நான்கு அலை என்பது 440இல் ஐந்து அலை. ஆகவே இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் குவியும். 1995இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே வெளியிட்ட யோசனை இது. இடைப்பட்ட நிறங்களைத்தான் நாம் தேடி நிரப்ப வேண்டும்.

4. தேடல். குவியப் புள்ளியில் ஒவ்வொரு வளையமும் ஒவ்வொரு நிறத்துக்கும் தரும் பங்கு ஒரு கலப்பெண் (அலையின் வலிமையும் கட்டமும் சேர்ந்த எண்). அவற்றை ஒரே தடவை கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஏதாவது ஒரு வளையத்தை ஒரு படி ஏற்றுங்கள் அல்லது இறக்குங்கள். பழைய பங்கைக் கழித்துப் புதியதைக் கூட்டினால் போதும். மதிப்பெண் கூடினால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழையபடி விட்டுவிடுங்கள். நிறங்களின் கூட்டுத்தொகையை மதிப்பெண்ணாக வைக்காதீர்கள். பச்சை மட்டும் கொழுத்து நீலம் பட்டினி கிடக்கும். மிகப் பலவீனமான நிறத்தின் வலிமையே மதிப்பெண்.

நிறங்கள் எத்தனை? மூன்று போதாது. மூன்று நிறத்தில் அழகாக வேலை செய்த லென்ஸ் 500இல் படுத்துவிட்டது. 440 முதல் 650 வரை 10 நானோமீட்டருக்கு ஒன்றாக, 22 எடுங்கள்.

விலை கொடுத்து வாங்கும் ஒளியியல் மென்பொருள் எதுவும் இதற்கு வேண்டாம். முழு இருபரிமாண எஃப்எஃப்டியும் (FFT, விரைவு ஃபூரியர் உருமாற்றம்) வேண்டாம். வட்டச் சமச்சீர் இருக்கும்போது அது வீண் நினைவகம். என் பழைய மடிக்கணினியே போதுமாக இருந்தது.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒரு தம்பி உயர வரம்பை 25 மைக்ரானாக மாற்றியதும் பிரமாதமாக வந்ததாக எழுதியிருந்தார். வரும் தம்பி, வராமல் என்ன? இந்த அளவுக்குச் சாதாரணக் குவிலென்ஸின் புடைப்பே 20 மைக்ரான்தான். மடிக்கவே தேவையில்லாத இடத்தைக் கொடுத்துவிட்டு, மடிப்பு லென்ஸ் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். வரம்பை 5க்கு இறக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். நீலம் கொஞ்சம் மங்கும்.