பந்தின் சுழற்சியைப் பயிற்சியால் கூட்ட முடியுமா? பேஸ்பாலில் பந்து வீசும் புதிய பிட்சர்களுக்கான செய்முறை

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஃபோர்-சீம் ஃபாஸ்ட்பால் (தையலுக்குக் குறுக்கே விரல்களை வைத்து முழு வேகத்தில் வீசும் நேர்வீச்சு) நிமிடத்துக்குச் சராசரியாக 2,200 முதல் 2,300 சுற்றுகள் வரை சுழல்கிறது. 2015இல் பந்தின் அசைவை அளக்கும் ஸ்டாட்காஸ்ட் அமைப்பு எல்லா மைதானங்களிலும் இந்த எண்ணைப் பதிவு செய்யத் தொடங்கியதிலிருந்து, அதை எப்படியாவது உயர்த்திவிட வேண்டும் என்ற ஆசை பள்ளி அணிகள் வரை பரவிவிட்டது. சுற்றுகளின் எண்ணிக்கையை மட்டும் உயர்த்துவது மிகக் கடினம். இருக்கும் சுழற்சியைப் பயனுள்ளதாக மாற்றுவதோ பயிற்சிக்குப் பெரும்பாலும் வசப்படும்.

முதல் படி: உடலை நன்றாகச் சூடேற்றிய பின், பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் ரப்சோடோ போன்ற கருவியின் முன் முழு வேகத்தில் 15 அல்லது 20 ஃபாஸ்ட்பால்கள் வீசி, அவற்றின் சராசரிச் சுழற்சியையும் சராசரி வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அந்தச் சராசரிச் சுழற்சியை, மணிக்கு எத்தனை மைல் வேகம் என்ற எண்ணால் வகுத்துப் பாருங்கள். 90 மைல் வேகத்தில் 2,160 சுற்றுகள் என்றால் விகிதம் 24. ஒரே பிட்சரிடம் இந்த விகிதம் எளிதில் மாறுவதில்லை. ஆனால் வேகம் 93 மைலாக உயர்ந்தால், விகிதம் மாறாமலேயே சுழற்சி 2,232 ஆகிவிடும். ஆகவே கால், இடுப்பு, முதுகு வலிமையை வளர்ப்பதே நேர்வழி. எடை கூடிய பந்துகளை வீசும் பயிற்சியும் வேகத்தைக் கூட்டக்கூடும் என்றாலும், அதில் தோள், முழங்கை காயங்களின் ஆபத்து இருப்பதால், வளரும் வயதினர் பயிற்சியாளரின் மேற்பார்வையின்றி அதைத் தொடவே கூடாது.

மூன்றாம் படிக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். துப்பாக்கிக் குண்டைப் போல முன்னோக்கித் திருகிச் செல்லும் சுழற்சி பந்தின் பாதையை வளைப்பதில்லை. சுழலும் அச்சு பயணத் திசைக்குச் செங்குத்தாக இருக்கும் பங்கு மட்டுமே மேக்னஸ் விசையை (சுழலும் பந்தைக் காற்று ஒரு பக்கம் தள்ளும் விசை) உண்டாக்கி, ஃபாஸ்ட்பால் தாழ்வதைக் குறைக்கிறது. 2,300 சுற்றுகளில் 95 விழுக்காடு பயன்பட்டால் 2,185 சுற்றுகள் வேலை செய்கின்றன. 70 விழுக்காடு என்றால் 1,610 மட்டுமே. இதைச் சீராக்க, தையலுக்குக் குறுக்கே இரு விரல்களையும் வைத்துப் பிடித்து, அவற்றுக்கு நடுவே பந்தைச் சுற்றிலும் ஒரு கறுப்புக் கோடு வரைந்து, அருகில் நிற்கும் தோழரிடம் மெதுவாக வீசுங்கள். கோடு ஒரே கோடாகத் தெரிந்தால் விரல்கள் பந்தின் பின்புறத்தில் இருக்கின்றன. தள்ளாடினால் பக்கவாட்டில் நழுவுகின்றன. கைப்பேசியில் மெதுவியக்கக் காணொளி எடுத்தால் இது தெளிவாகும். கோடு நிலைத்த பிறகே தூரத்தைக் கூட்டுங்கள். பக்கவாட்டில் விலகிச் செல்லும் ஸ்லைடர் என்ற வீச்சுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அதில் முன்னோக்கிய திருகல் பெரும்பாலும் வேண்டுமென்றே கொடுக்கப்படுகிறது.

ஒட்டும் பசைகளை நாடாதீர்கள். 2021 ஜூன் 21 முதல் நடுவர்கள் பிட்சர்களின் கை, கையுறை, தொப்பியைச் சோதிக்கத் தொடங்கியதும் லீக்கின் சராசரிச் சுழற்சியே இறங்கியது. அதுவரை பயிற்சியின் பலன் என்று பாராட்டப்பட்ட உயர்வுகளில் எத்தனை பசையால் வந்தவை என்ற ஐயம் நியாயமானது. கைப்பிடிக்காக விதி அனுமதிக்கும் ரோசின் (மரப்பிசின்) பொடியே போதும்.

ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பின் அதே கருவியில் மீண்டும் அளந்து பாருங்கள். விகிதம் 24இலேயே நின்று, வேகமும் பயன்படும் விழுக்காடும் ஏறியிருந்தால் பயிற்சியை அப்படியே தொடரலாம். விகிதம் திடீரென 27க்குத் தாவியிருந்தால், மகிழ்வதற்கு முன் கருவியின் அமைப்பைச் சரிபாருங்கள்.