ஷீட் தண்ணீர்த் தகராறு தீர்ந்த விதம்

திருவட்டாறு பக்கம் எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு அண்ணன் ரப்பர் ஷீட் அடிக்கிறார். ஆசிட் ஊற்றி உறையவைத்த ரப்பர் பாலைப் பிழியும் தண்ணீர் எங்கள் கிணற்றடிக்கு ஓடிவரும். முற்றத்தில் உட்கார்ந்து சாயா குடிக்க முடியாத நாற்றம். பஞ்சாயத்தில் எழுதிக் கொடு என்றார்கள் எல்லோரும்.

நல்ல பேச்சுக்குப் புத்தர் சொன்ன ஐந்தை எடுத்துக்கொண்டேன்: உரிய நேரம், உண்மை, இன்சொல், பயன், அன்பு. நேரம்தான் பாதி வேலை. விடியுமுன் பால்வெட்டப் போகிறவரை, ஷீட் அடித்துக் களைத்து நிற்கையில் மறித்தால் சண்டைதான். சாயங்காலம் போனேன். உண்மைதான் கஷ்டம். 'கிணறே கெட்டுப்போச்சு' என்று நாக்கு நுனிவரை வந்தது. எனக்குத் தெரிந்தது நாற்றம் மட்டும். அதை மட்டும் சொன்னேன்.

"அண்ணே, கிணத்துக்கு எட்ட ஒரு குழி எடுப்போமா? மண்வெட்டி நான் கொண்டு வாறேன்."

"உள்ளதுதான் மக்கா, வீட்டுக்காரியும் சொல்லிட்டுதான் இருக்கா."

கீழ்ச்சரிவில் குழி வெட்டி, உடைகல் நிரப்பி, ஷீட் தண்ணீர் போகும் குழாயை அதற்குள் திருப்பிவிட்டோம். கல்லுக்கான காசு பாதிப் பாதி. ஐப்பசி மழைக்குக் குழி நிரம்பி வழிகிறது. இன்னொன்று வெட்ட வேண்டும், அவரும் சரியென்றிருக்கிறார்.