செட்டைக் கழற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகில் வயர்லெஸ் சரியாகக் கேட்கவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குவது செட்தான். "போன வருஷம் வாங்கினது, அதுக்குள்ள போச்சு" என்று கழற்றித் தூக்கிக்கொண்டு வருவார்கள். மேசையில் வைத்து வேறு ஆன்டெனாவை மாட்டினால், அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனல் கணீரென்று கேட்கும். கோளாறு படகிலேயே இருக்கிறது.

பெரும்பாலும் ஆன்டெனா கேபிளில். ஒரு தடைக்காலத்தில், கரையில் கட்டிக்கிடந்த படகொன்றின் கேபிளை ஆன்டெனாவுக்கு ஒரு சாண் கீழே வெட்டிப் பார்த்தேன். வெளி உறை புதுசு போலப் பளபளத்தது. உள்ளே செம்புப் பின்னல் கரி பூசியதுபோல் கறுத்து, பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. பிதுக்கினால் உப்புத் தண்ணீர் கசிந்தது. கனெக்டர் மேல் சாதா இன்சுலேஷன் டேப் சுற்றியதன் பலன் இது. வெயிலில் பசை இளகி ஓரம் பிரிந்துவிடும். புகுந்த தண்ணீர் வெளியே வர வழியிருக்காது. தனக்குத்தானே ஒட்டி ஒரே ரப்பராகிவிடும் டேப் விற்கிறது. அதைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்கிற மாதிரி சுற்றுங்கள்.

சந்தேகம் வந்தால் கேபிளின் இரு முனையையும் கழற்றிவிட்டு, நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். ஓம் அளவு ஏதாவது காட்டினால் அந்தக் கேபிளைத் தூக்கிப் போடலாம். காட்டாவிட்டால் நல்ல கேபிள் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அப்புறம், மிச்சக் கேபிளைச் சுருட்டி வைக்கும் பழக்கம்: மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிள் 20 மீட்டர் போனால் சிக்னலில் பாதிக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும்.

அடுத்தது உயரம். இந்த அலை ஏறத்தாழ கண்பார்வை போல நேராகப் போவது. இரண்டு படகிலும் ஆன்டெனா 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 16 கிலோமீட்டர். 9 மீட்டர் என்றால் 24. வாட் அதிகமான செட் வாங்கினால் தூரத்துப் பேச்சு கேட்கும் என்று செலவு செய்கிறவர்களுக்கு இதை எத்தனை தடவை சொல்வது! வாட் என்பது நாம் பேசுவதற்கு. கேட்பதற்கு அது உதவாது.

பட்டன்கள் செய்யும் குழப்பமும் உண்டு. இரைச்சல் பிடிக்காமல் ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் குமிழை) இறுக்கிவிட்டால் தூரத்துக் குரலும் சேர்ந்து அடைபடும். இரைச்சல் அடங்குகிற இடம்வரை திருப்பினால் போதும். சில செட்டில் 'லோக்கல்' என்றொரு பட்டன் இருக்கும், துறைமுக நெரிசலுக்கானது. அதை அணைக்காமல் கடலுக்குப் போனால் செட்டின் காது மந்தமாகிவிடும். சேனல் அமைப்பு 'இன்ட்'டில், அதாவது சர்வதேச முறையில், இருக்கட்டும். கை பட்டு அமெரிக்க முறையான 'யு.எஸ்.ஏ.'வுக்கு மாறினால் 16 கேட்கும், ஆனால் 22-ஆம் சேனலில் செட் வேறு அலைவரிசையில் காத்திருக்கும்.

இரவில் மட்டும் கேட்கவில்லையா? மலிவு எல்.இ.டி. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்; இரைச்சலைக் கிளப்புவது அவையாக இருக்கலாம்.

கோடையில் சில நாள், கடலை ஒட்டிய ஈரக்காற்றின் மேல் சூடான காற்று படிந்து அலையைக் கீழே வளைக்கும். அப்போது இலங்கைப் பக்கத்துப் பேச்சு அடுத்த படகுபோலக் கேட்கும். 1982-இல் தொடங்கிய இலங்கைத் தொலைக்காட்சி ரூபவாஹினியை இந்தக் கரையில் உயர ஆன்டெனா கட்டிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. காற்று மாறியதும் "நேத்து அவ்வளவு தூரம் கேட்டுச்சு, இன்னைக்கு இல்ல" என்று செட்டோடு ஒருவர் வருவார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.